நாவலில் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை

போன மாதமும் நாலைந்து மாணவர்கள் வந்தார்கள். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே இறங்கி, யாரிடமோ வழி கேட்டு, வெயிலில் நடந்தே வந்திருந்தார்கள். நான் கதவைத் திறந்ததும் முன்னால் நின்ற பெண் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த செல்போனைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்துவிட்டு, "அந்த நாவல்ல வர்றது நீங்கதானே சார்?" என்றாள்.

ஆமாம் என்று சொன்னால் பொய். இல்லை என்று சொன்னால் அவ்வளவு தூரம் நடந்து வந்த பிள்ளைகளுக்கு முகம் விழுந்துவிடும். "உள்ள வாங்க" என்றேன். இந்தக் கேள்விக்கு இப்போதெல்லாம் நான் சொல்கிற பதில் அதுதான்.

என் நண்பன் ஒருவன் எழுதிய நாவலில் வரும் முக்கியமான ஆள் நான்தான் என்கிறார்கள். அவனே மேடையில் அப்படிச் சொல்லியிருக்கிறான். நாவலுக்கு ஒரு பரிசு கிடைத்தது. அதற்கப்புறம் ஒரு கல்லூரியில் பாடமாக வைத்தார்கள். நான் பக்கத்து ஊரிலேயே உயிரோடு இருக்கிறேன் என்று எந்த ஆசிரியர் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை, வருஷா வருஷம் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். அந்தக் கதாபாத்திரத்தின் தனித்துவத்தைப் பற்றியும், அவன் மற்றவர்களுக்கு எப்படி வழிகாட்டுகிறான் என்பதைப் பற்றியும் அவர்கள் கட்டுரை எழுத வேண்டும். மதிப்பெண் உண்டு.

அன்றைக்கு உயரமாக இருந்த ஒரு பையன் கேட்டான்: "சார், நீங்க எப்படி வாழ்க்க முழுக்க யாரையும் சாராம இருந்தீங்க?"

நான் யோசிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் என் மனைவி காபித் தட்டோடு வந்தாள். பையன் அவளைப் பார்த்து எழுந்து நின்றான். "இவங்க?" என்றான்.

"என் வீட்டுக்காரம்மா."

அவன் குழம்பிப் போனான். "நாவல்ல உங்களுக்குக் கல்யாணமே ஆவலயே சார்."

என் மனைவி தட்டை ஸ்டூலில் வைத்தாள். "எனக்கு ஆயிடுச்சுப்பா. காபி ஆறிடும், எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் டெலிபோன் எக்சேஞ்சில் லைன்மேனாக இருந்தவன். வீட்டுக்கு வீடு கம்பியில் பேசிக்கொண்டிருந்த காலத்தில் திண்டிவனத்தைச் சுற்றிய கிராமங்களில் எந்த வீட்டுக்கு எந்தக் கம்பி போகிறது என்று எனக்குத் தெரியும். அதில் பெருமை ஒன்றுமில்லை. அது என் வேலை. நண்பன் அதே ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தான். என்னைவிட இளையவன். விழுப்புரத்திலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வருவான். மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எழுதிக் கொண்டுவந்த கதையைப் படித்துக் காட்டுவான். ஆபீசில் மற்றவர்கள் அவனைக் கிண்டல் செய்தார்கள். எனக்குக் கிண்டல் வராது. சாப்பிட்டுக்கொண்டே கேட்பேன். முடிந்ததும் "நல்லா இருக்கு" என்பேன். சில நாள் "இன்னும் கொஞ்சம் சின்னதா இருந்தா நல்லா இருக்கும்" என்பேன். சாப்பாட்டு நேரம் முடியப் போகிறதே என்று சொன்னது அது. நாவலில் அது, சொல்லைச் சிக்கனமாகச் செலவழிக்க ஓர் இளைஞனுக்குக் கற்றுக்கொடுத்த குருவின் கதையாக வந்திருக்கிறது. ஒரு பேராசிரியர் அதை மட்டும் வைத்து ஒரு மணி நேரம் பேசியதைக் கேட்டிருக்கிறேன்.

நாவலில் வருகிற ஆள் எந்தச் சங்கத்திலும் சேர மாட்டான். எல்லாரும் கொடி பிடித்துப் போகும்போது அவன் மட்டும் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பான். கூட்டத்தில் கரையாத மனிதன் என்று எழுதியிருக்கிறான். நான் சங்கத்தில் சேராமலிருந்தது உண்மைதான். எங்கள் ஆபீசில் இரண்டு சங்கம் இருந்தது. ஒன்றில் என் மனைவியின் அண்ணன் செயலாளர். இன்னொன்றில் என் சித்தப்பா மகன் பொருளாளர். எதில் சேர்ந்தாலும் ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்க முடியாது. அதனால் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

பதவி உயர்வு வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்ததையும் போட்டிருக்கிறான். அதிகாரத்தை உதறியவன் என்று. பதவி உயர்வு கொடுத்து என்னைத் தர்மபுரிப் பக்கம் மாற்றியிருந்தார்கள். அப்போது என் மனைவிக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமனார் பக்கவாதத்தில் எங்கள் வீட்டிலேயே படுத்திருந்தார். யாரைச் சார்ந்தும் இல்லாதவனாக இருந்திருந்தால் நான் தர்மபுரிக்குப் போயிருப்பேன்.

நாவல் வந்தபோது நண்பன் வீட்டுக்கே வந்து கையெழுத்துப் போட்ட பிரதியைக் கொடுத்தான். எனக்கு வாசிக்கும் பழக்கம் அவ்வளவாக இல்லை. அந்த வயசில் கண்ணும் ஒத்துழைக்கவில்லை. என் மனைவிதான் முதலில் படித்தாள். மத்தியான வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருவாள். சில பக்கங்களில் சிரிப்பாள். அது முடிந்த அன்றைக்குப் புத்தகத்தை மூடி என் பக்கத்தில் வைத்தாள்.

"நல்லாதான் எழுதியிருக்காரு" என்றாள்.

"அப்புறம் ஏன் இப்படி உக்காந்திருக்க?"

"நான் இல்லைங்க அதுல. புள்ளைங்களும் இல்ல. எங்கப்பா படுத்துக் கெடந்தாரே, அந்தக் கட்டிலு மட்டும் இருக்குது. அதுல நீங்க ஒண்டியா படுத்துக்கினு மோட்டுவளைய பாக்குறீங்க."

அவளுக்குக் கோபமில்லை. கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அடுத்த முறை நண்பனைப் பார்த்தபோது கேட்டேன். "ஏம்பா, என் பொண்டாட்டிய எதுக்கு எடுத்துட்ட?"

அவன் அதை எதிர்பார்த்திருந்தான் போல. "அண்ணிய எழுதிப் பாத்தேன் ண்ணா. ரெண்டு அத்தியாயம் எழுதினேன். அவங்க வந்தா அந்த ஆளு தனியா நிக்க மாட்டேன்றான். எதச் செஞ்சாலும் வீட்டுக்காக செய்யற மாதிரி ஆயிடுது."

"வீட்டுக்காகத்தான்ப்பா செஞ்சேன்."

"அது எனக்குத் தெரியும் ண்ணா. படிக்கிறவனுக்கு அது வேண்டியதில்ல."

அவன் தொழில் அவனுக்கு.

பரிசு வந்த பிறகு விழுப்புரத்தில் ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். என்னையும் மேடையில் உட்காரவைத்துச் சால்வை போட்டார்கள். பேசச் சொன்னார்கள். மைக் முன்னால் நின்று, "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. ரெண்டு புள்ளைங்க. பொண்ணக் கட்டிக் குடுத்துட்டேன். பேரன் இருக்கான்" என்றேன். கூட்டம் சிரித்தது. நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அடுத்துப் பேசியவர், இந்த எளிமைதான் அந்தக் கதாபாத்திரத்தின் உயிர் என்றார். நான் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் யாரிடமும் வாதாடுவதை விட்டுவிட்டேன். வருகிறவர்களுக்குக் காபி கொடுப்போம், கேட்டதற்கு ஏதாவது சொல்வோம், போகட்டும் என்று இருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு பெண் வந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. அவள் மாணவி இல்லை. இருபத்தைந்தைத் தாண்டியிருப்பாள். தோளில் ஒரு பெரிய பை. செருப்பெல்லாம் சேறு. உள்ளே வரச் சொன்னேன். சுவரோரமாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என்றாள். கூட்டேரிப்பட்டில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாளாம். வீட்டில் அவளுடைய மாமா மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். இவளுக்கு இஷ்டமில்லை. பள்ளிக்கூடத் தாளாளரும் சொந்தக்காரர் என்பதால் அங்கேயும் புத்தி சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டைவிட்டும் வந்துவிட்டாள்.

"எதுக்கும்மா என்கிட்ட சொல்ற?" என்றேன்.

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்க சொன்னதத்தான் சார் செஞ்சேன்."

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நாவலில் ஓர் இடம் உண்டு. அந்த இளைஞன் வேலையை விட்டுவிட்டு எழுதப் போகட்டுமா என்று அந்த ஆளைக் கேட்பான். இவன் கம்பத்திலிருந்து இறங்கிக்கொண்டே சொல்வான்: "யாரையும் கேட்டுட்டு வாழாத. என்னையும் கேக்காத." வருகிற மாணவர்களெல்லாம் சொல்லும் வாக்கியம் அது. ஒரு பையன் அதைத் தன் செல்போன் முகப்பிலேயே வைத்திருந்தான். ஆனால் அதைக் கேட்டு ஒருத்தி பையை எடுத்துக்கொண்டு கிளம்பி வருவாள் என்று நான் நினைத்ததில்லை.

"அது நான் சொன்னது இல்லம்மா" என்றேன்.

"உங்களப் பாத்துத்தானே எழுதினாங்க."

"பாத்து எழுதினான். ஆனா நான் சொல்லல. நான் அப்படி யார்கிட்டயும் சொன்னது இல்ல. எம் புள்ளைங்ககிட்டகூட."

அவள் அப்போதுதான் வீட்டைப் பார்த்தாள். சுவரில் என் பெண்ணின் கல்யாணப் போட்டோ. ஜன்னல் ஓரத்தில் பேரனின் மூன்று சக்கர வண்டி. உள்ளே குக்கர் விசில் அடித்தது. என் மனைவி ஈரக்கையோடு எட்டிப் பார்த்து, "சாப்டியாம்மா?" என்றாள். அந்தப் பெண் இல்லை என்பதுபோல் தலையசைத்தாள். "வா, மொதல்ல சாப்டு" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

அவள் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. "அப்ப அந்த ஆளு யாரு சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியலம்மா."

"எனக்கு இப்ப அந்த ஆளுதான் வேணும். நீங்களா இல்லன்னாலும் பரவால்ல. அடுத்து இன்னா பண்றதுன்னு அந்த ஆளு சொல்லல. புத்தகம் முடிஞ்சிபோயிடுது."

நண்பனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. நேரில் போய்விடுவோம் என்று தோன்றியது. அந்த வாக்கியத்தை எழுதியவன் அவன். என்ன செய்வது என்று அவனுக்குத் தெரிந்திருக்கலாம். நான் சட்டையை மாட்டும்போது என் மனைவியும் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். "வயசுப் பொண்ண ஒண்டியா கூட்டிக்கினு போவாதீங்க" என்றாள்.

மேம்பாலத்துக்குக் கீழே விழுப்புரம் பஸ் ஏறினோம். பெண்கள் இருவருக்கும் இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது அந்தப் பெண் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு என் மனைவியின் தோள் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். அவள் ஊர்க்காரர்கள் ஏறுகிற இடம். பஸ் கிளம்பும்வரை என் மனைவி ஜன்னல் பக்கம் சாய்ந்து அவளை மறைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நண்பனின் வீடு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. அவன் மனைவி பெங்களூரில் மகள் வீட்டில் பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போய் நாளாகிறது. கதவைத் திறந்தபோது தாடி நான்கைந்து நாள் வளர்ந்திருந்தது. முழங்காலில் பெல்ட் கட்டியிருந்தான். சாப்பாட்டு மேஜையில் மாத்திரை அட்டைகளும் கழுவாத டம்ளரும் இருந்தன. "மெஸ்லருந்து சாப்பாடு வருது ண்ணா. பேஜாரா இருக்குது. வாய்க்குப் புடிக்கல" என்றான். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அந்தப் பெண் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த இடத்தை அவனுக்கே படித்துக் காட்டினாள்.

அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவளிடம், "இத நம்பியாம்மா வந்த?" என்றான்.

"நீங்க எழுதினதுதானே சார்."

அவன் என் பக்கம் திரும்பினான். "உனக்கு ஞாபகம் இருக்குதா ண்ணா? ஒரு நாள் சாப்பிடும்போது உன்னக் கேட்டேன். வேலைய உட்டுட்டு எழுதப் போவட்டுமான்னு."

எனக்கு ஞாபகமில்லை. எத்தனையோ நாள், எத்தனையோ சாப்பாடு.

"நீ சோத்துலருந்து கைகூட எடுக்காம, 'வீட்ல கேட்டியா?'ன்ன. அவ்ளோதான். நான் வீட்ல கேட்டேன். எங்கம்மா அழுதாங்க. அதோட உட்டுட்டேன். ரிடையர் ஆவற வரிக்கும் அதே நாற்காலி." முழங்காலைத் தடவிக்கொண்டான். "நாவல் எழுதும்போது அந்த எடம் வந்துச்சு. அன்னிக்கி நீ என்ன சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு யோசிச்சேன். அத எழுதினேன்."

இத்தனை வருஷம் ஆட்கள் என்னிடம் வந்து ஒப்பித்துவிட்டுப் போன வாக்கியம், நான் சொல்லாமல் விட்டது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வருத்தமா என்றால் தெரியவில்லை. களைப்பாக இருந்தது. நான் அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் நீ என்ன ஆகியிருப்பாய் என்று கேட்டேன்.

"நாசமாப் போயிருப்பேன்" என்றான். மேஜையிலிருந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இல்ல, நல்லாவும் வந்திருக்கலாம்" என்றான்.

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப யாருமே சொல்லல" என்றாள். அவள் உதட்டில் சிரிப்புபோல ஒன்று வந்து போனது. புத்தகத்தைப் பையில் வைத்தாள்.

நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்து பெரிய மனுஷனாகப் பேச ஆரம்பித்தான். அவசரப்படக் கூடாது, அப்பாவிடம் உட்கார்ந்து பேச வேண்டும், எழுத்து வேறு வாழ்க்கை வேறு என்றெல்லாம் சொன்னான். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கேட்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. என் மனைவி குறுக்கிட்டாள். "அதெல்லாம் அது வீட்டு விஷயம். அதுவே பேசிக்கும். இன்னிக்கி எங்க தங்கறது? அதச் சொல்லுங்க." பிறகு அவளே தன் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

என் மனைவியின் அக்கா மகள் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இன்னும் இரண்டு பேரோடு அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அவளிடம் பேசி முடித்துவிட்டு வந்து, "மாத்துத் துணி இருக்குதாம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள். இருக்கிறது என்றாள். "அப்ப கெளம்பு." திரும்பி வரும் வழியில் முண்டியம்பாக்கத்தில் இறங்கி அவளை அறையில் விட்டுவிட்டு வந்தோம். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. கொசு அதிகம், ஜன்னலைச் சாயங்காலமே சாத்திவிடு என்று மட்டும் என் மனைவி சொன்னாள்.

அந்த ஏற்பாடு சரியாக வரவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் பகலில் தூங்க வேண்டும். இவளோ வேலை தேடி நாளெல்லாம் போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். சண்டை வந்துவிட்டது. எங்களிடம் சொல்லாமலே கிளம்பித் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். அக்கா மகள் போன் போட்டு என் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டாள். "தெரியாதவங்கள எதுக்கு சித்தி அனுப்பறீங்க?" என்றாளாம். என் மனைவி அன்றைக்கு முழுக்க என்னிடம் சரியாகப் பேசவில்லை.

அடுத்து அவளுடைய அப்பா வந்தார். கூட இரண்டு பேர். வாசலில் நின்றுகொண்டே, "பொஸ்தகத்துல வர்ற ஆளு நீங்கதானா?" என்றார். அதே கேள்விதான். ஆனால் இவர் கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

"உள்ள வாங்க" என்றேன்.

கூட வந்தவர்கள் வரவில்லை. அவர் மட்டும் வந்தார். மெலிந்த மனிதர். கைகளில் செம்மண் ஏறியிருந்தது. மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, பிடுங்குகிற நேரத்தில் ஆட்களை நிலத்தில் விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கோபம் இறங்கிவிட்டதுபோல் இருந்தது, அல்லது காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறார் போலிருந்தது.

"நான் படிச்சவன் இல்லைங்க. அந்தப் பொஸ்தகத்துல இன்னா எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியாது. எம் பொண்ணுக்கு நீங்க இன்னா குருவா?"

"இல்லைங்க. அத நான் சொல்லவே இல்லைங்க."

"ஊர்ல எல்லாம் நீங்கன்னு சொல்லிக்கினு இருக்கறாங்க."

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். எக்சேஞ்ச், நண்பன், நாவல் எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் கதை எழுதுகிறவன் ஒருவன் இருக்கிற ஆளை வைத்து இல்லாததை எழுதுவான் என்பது அவருக்கு ஏறவில்லை. எதற்காக எழுத வேண்டும் என்று கேட்டார்.

"உங்க பொண்ணு இப்பிடிப் பண்ணியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?" என்றார்.

என் பெண் நாங்கள் பார்த்த இடத்தில் கட்டிக்கொண்டாள். அவளுக்கு இஷ்டமா என்று கேட்டோம். சரி என்றாள். அந்தச் சரிக்கு உள்ளே என்ன இருந்தது என்று நான் நோண்டிப் பார்க்கவில்லை. "தெரியலைங்க" என்றேன்.

என் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு வாங்கிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி, "நீங்க சொன்னா கேக்கும்" என்றார். "எங்க போனை எடுக்கல அது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. வீட்டுக்கு வரச் சொல்லுங்க. கல்யாணத்தப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்."

இவரும் அந்த ஆளைத்தான் தேடி வந்திருக்கிறார் என்று புரிந்தது. நான் எவ்வளவு சொல்லியும் பயனில்லை. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அவர் பெண் எழுந்து வந்துவிடுவாள் என்று அவரும் நம்பினார். சமையலறை வாசலில் நின்ற என் மனைவியைப் பார்த்தேன். நான் அந்தப் பெண்ணின் எண்ணைப் போட்டேன். எடுத்துவிட்டாள்.

"சார்" என்றாள்.

"அம்மா, உங்கப்பா எங்க வீட்ல உக்காந்திருக்காரு. நான் எதுவும் சொல்லப் போறது இல்ல. அவருகிட்ட குடுக்கட்டுமா? வேணாம்னா வேணாம்."

அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணிபோல ஏதோ ஒரு சத்தம். பிறகு, "குடுங்க" என்றாள்.

அவர் போனை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். தெருவில் வேப்பமரத்தடியில் நின்று பேசினார். பேசினார் என்பதைவிட, கேட்டுக்கொண்டு நின்றார். கூட வந்த இருவரும் கிட்டே போகப் பார்த்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். திரும்பி வந்து போனைக் கொடுத்தபோது கண் சிவந்திருந்தது.

"சரிங்க, வர்றேன்" என்றார். என் மனைவியைப் பார்த்து, "வர்றேன்ம்மா" என்றார். அவ்வளவுதான். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

அந்தப் பெண் இப்போது திண்டிவனத்திலேயே வேறொரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். மாமா மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. இவள் பண்டிகைக்கு ஊருக்குப் போய்வருகிறாள் என்று தெரிகிறது. அம்மா பேசுவதில்லையாம். அப்பா பேசுகிறாராம். அக்கா மகளோடு இருந்த சண்டை தீரவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியோடு கொஞ்ச நேரம் டிவி பார்த்துவிட்டுப் போவாள். என்னிடம் அதிகம் பேச மாட்டாள். அவளுக்கு நான் அந்த ஆள் இல்லை என்று முடிவாகிவிட்டது. அது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனாலும் சில நேரம், எனக்கு டீ மட்டும் வைத்துவிட்டு அவர்கள் இருவரும் உள்ளே சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, என்னை ஏதாவது கேட்டால் தேவலை என்றும் இருக்கும். கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியாது.

போன வாரம் வந்தபோது கிளம்பும் நேரத்தில் நான்தான் கேட்டேன். "அந்தப் புத்தகம் இன்னும் வெச்சிருக்கியாம்மா?"

"இல்ல சார்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "ஸ்கூல்ல ஒரு மேடம், வீட்ல ரொம்பக் கஷ்டத்துல இருக்காங்க. அவங்களுக்குக் குடுத்துட்டேன்."

"குடுக்கும்போது ஒண்ணும் சொல்லலயா? அதுல எது நெஜம் எது இல்லன்னு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சொல்லல சார். மொதல்ல படிக்கட்டும்."

அவள் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். என் மனைவி டிவியை நிறுத்திவிட்டு வந்து, "இன்னா சொன்னா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். சாயங்காலக் குழம்புக்குக் கத்திரிக்காய் வாங்கி வரச் சொல்லிப் பையைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.